மூன்றாவதாக வந்து நின்றவன்

"அசையாதேங்கோ, வாறன்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்த அண்ணன் கிறிஸ்ரி, கிளின்ரனின் மறுபக்கத்தில் நின்று தோளில் கைபோட்டபோதுதான் ஜெனீற்றாவுக்குச் சங்கதி விளங்கியது. மதில்மேல் அவன் வைத்த கமரா தேனீ மாதிரி இரைந்துகொண்டிருந்தது. படம் பிடிக்கிறவனே படத்துக்குள் வந்துவிட்டான். இரண்டு பேர் மூன்று பேராகிவிட்டார்கள். நடுவில் அவளுடைய புருஷன்.

"ஐயோ அண்ணை, மூண்டு பேராய் நிண்டு எடுக்கக்கூடாது! நடுவில நிக்கிற ஆள்..."

'டிக்' என்றது.

"நடுவில நிக்கிற ஆளுக்கு என்னவாம்? வடிவு கூடுமோ?" என்று கிளின்ரன் சிரித்தான்.

"சிரியுங்கோ! உந்தக் கமராவுக்குத் தானாய் அடிக்கிற ரைமர் ஒரு கேடே? பக்கத்து வீட்டில ஆரையும் கூப்பிட்டா அமத்தியிருப்பினம்."

"பாரிசில எனக்கு ஆரடி பக்கத்து வீடு? பத்து வருசமாய் உந்த ரைமர்தான் என்னைப் படம் பிடிக்குது" என்றான் கிறிஸ்ரி.

"சரி, அப்ப இதை அழியுங்கோ" என்றாள்.

"இது போனே, அழிக்க? கடைசிப் படம், பிலிம் முடிஞ்சுது. அங்க போய்த்தான் கழுவுவன். உந்தக் குமிழைத் தொட்டிடாதை. இழுத்தா மூடி திறந்து, வெளிச்சம் பட்டு முப்பத்தாறு படமும் போயிடும்."

அன்று பின்னேரம் கிளின்ரன் கடலுக்குப் போனான். அவனுடையதோடு சேர்த்து நாலு வள்ளங்கள். விடியக் காற்று எழும்பியது. ஆறு மணிக்குக் கரைக்கு வருகிறவர்கள், எட்டாகியும் இல்லை. போன் அடித்தால் ஒரு பெண்குரல்தான் ஏதோ சொல்கிறது. பத்து மணி பஸ்ஸுக்குப் போகவேண்டிய கிறிஸ்ரி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். காற்றென்றால் சுணங்கும்தானே என்று அவன் சொன்னதே அவளுக்குப் பயத்தைக் கூட்டியது.

கமரா மேசைமேல் கிடந்தது.

மூன்று பேர் நின்ற படத்தில் நடுவில் நிற்கிறவருக்கு ஆயுசு இல்லை என்பார்கள். கழுவினால்தானே படம்? கழுவாதது படமோ? அப்படியானால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதே பிலிமுக்குள் அம்மாவும் இருக்கிறா. எண்பது வயதில், பல்செற்றைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த அம்மா. "இனி எப்ப வருவனோ, இதைப் பாத்துக்கொண்டுதான் அங்க இருக்கவேணும்" என்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்த படம்.

"ஜெனீற்றா! உந்தத் துவாயை ஒருக்கா எடுத்தா பிள்ளை!"

அவள் கமராவை எடுத்தாள். குமிழை இழுத்தாள். மூடி விடுபட்டுத் துள்ளப் பார்த்தது. சட்டென்று பெருவிரலால் அமத்திப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கடல்பக்கம் இஞ்சின் சத்தம் கேட்டது.

கமராவை நெஞ்சோடு அணைத்தபடி பின்வாசலுக்கு ஓடினாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச்செய்தது. வள்ளங்களின் நிறம் தெரியவில்லை. ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. தள்ளி, மூன்றாவது.

பெருவிரல் வியர்வையில் வழுக்கியது. மூன்றாவது வள்ளத்துக்குப் பின்னால் இருந்த வெறுங்கடலைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.