அம்மா கேட்ட கருடன்

என் கேமராவின் லென்ஸைக் கழற்ற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக்கானலுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களில் கழுத்தில் பெரிய கேமரா மாட்டியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதான். கழற்ற முடியாது என்றதும், "ஓ, பிரிட்ஜ் கேமராவா?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். தொழில்காரர்களின் கேமராவுக்கும் சட்டைப்பைக் கேமராவுக்கும் நடுவில் நிற்கிற ரகம் என்பதால் அந்தப் பெயர். நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் மரியாதை கிடையாது. அம்மாவையும் பெண்டாட்டியையும் எஸ்டேட் வரிசைவீடான லயத்தில் ஒரே வீட்டில் வைத்திருக்கிற எனக்கு அது புதுச் செய்தி இல்லை.

அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை முடிந்து, கையில் இருக்கிற கிரீஸைக் கழுவிவிட்டு, இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எனக்கு இருக்கிற சந்தோஷம் எந்த முதலாளிக்கும் இருக்காது. ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும். லென்ஸ் ஆமைத் தலை மாதிரி நீண்டு, எதிர்மலையில் நிற்கிற காட்டுமாட்டின் முதுகில் உட்கார்ந்த மைனாவைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் ரவை தூவினது போல் புள்ளி விழும், உண்மைதான். கை ஆடினால் ஒன்றும் தேறாது. அதற்கு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். தேனியில் ஒரு கடையில் பழசாக வாங்கினேன். வாங்கின நாளிலிருந்து ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை.

எஸ்டேட்டில் இதன் பெயர் "மாரீசு பொட்டி". மாரீசு என்பது நான், மாரீஸ்வரன். இந்தப் பொட்டியை மதிக்கிற ஒரே ஆள் என் அம்மா மூக்கம்மாள். ஒருமுறை எதிர்மலையில் நின்ற ஆனைக் கூட்டத்தில் குட்டி இருக்கிறது என்று அம்மா சொல்ல, கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரும் இல்லை என்று சாதித்தார்கள். நான் எடுத்த படத்தில், தாயின் காலுக்கு நடுவில் குட்டியின் வால் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு இதன் மேல் சாமி மேல் இருக்கிற மாதிரி நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் மாரியம்மன் முன்பு கீழே ஓடைக்கரையில் இருந்தாள். அது ஆனை தண்ணீருக்கு இறங்குகிற வழி. கோயில் சுவரை ஆனை தள்ளிவிடும், நாங்கள் கட்டுவோம், மறுபடி தள்ளிவிடும். கடைசியில் என் மாமா பெரியமுத்து, லயத்துக்குப் பக்கத்தில், காலையில் ஆள் கணக்கெடுத்து மஸ்டர் போடுகிற கொட்டகையை ஒட்டிப் புதுக்கோயில் கட்டி, அம்மனை அங்கே கொண்டுவந்து வைப்பது என்று முடிவெடுத்தார். மாமா ஃபீல்டு சூப்பர்வைசர், கோயில் கமிட்டித் தலைவர், என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. என் பெண்டாட்டி பூமாரியின் அப்பாவும் அவரேதான்.

அம்மா கொதித்துவிட்டாள். என்னைப் பெறுவதற்காக அவள் நேர்ந்து தொட்டில் கட்டியது அந்த ஓடைக்கரை மரத்தில்தான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே விளக்குப் போட்டவள். ஆத்தாளை இடம் மாற்றத் தம்பிக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டாள், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். போன கார்த்திகையிலிருந்து அவர்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. மாமா வீடு அதே லயத்தில், அதே குழாயில்தான் தண்ணீர். அவர் குடத்தோடு வந்தால் அம்மா தன் வாளியைப் பார்த்து, "சில பேருக்கு இப்ப ஆத்தாளைவிட அதிகாரம் கூடிப்போச்சு" என்பாள். மாமா தன் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மஸ்டரில் அவர் ஒரு அதட்டுப் போட்டால் முரட்டு ஆளும் வாயை மூடுவான். அக்காவின் வாளி பேசினால் மட்டும் குடம் நிறையும் முன்னே தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்.

கும்பாபிஷேகத்துக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு அம்மா வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"ஆத்தா மனசாரத்தான் வந்திருக்கான்னு சொல்லுதீக. சரி. தண்ணி ஊத்துத நேரத்துக்குக் கருடன் வந்து சுத்தட்டும், நானும் உள்ள வந்து கும்பிடுதேன். வரலைன்னா எம் பொணம்கூட அந்தப் பக்கம் போவாது."

"வரும். எந்தக் கோயிலுக்குத்தான் வராம இருந்திருக்கு?" என்று மாமா கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"காக்காயக் காட்டிக் கருடன்னு சொல்லிருவீக. அதெல்லாம் செல்லாது. மாரீசு அவன் பொட்டியில பாத்துச் சொல்லட்டும். அவன் சொன்னா ஒத்துக்கிடுதேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மருமகன் கையில்தானே தீர்ப்பு இருக்கிறது. எனக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும். கருடன் என்று நாம் கும்பிடுவது செம்பருந்து. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கீழே போடியில் கண்மாய்க்கு மேலே சர்வசாதாரணமாகப் பறந்துகொண்டிருக்கும். இந்த உயரத்தில், இந்தக் குளிரில், கேமரா வாங்கின நாள் முதல் ஒன்றைக்கூட நான் எங்கள் எஸ்டேட்டில் பார்த்ததில்லை.

வீட்டில் பூமாரியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள்.

"எது பறந்தாலும் கருடன்னு சொல்லிருங்க. அப்பா மூஞ்சியப் பாத்தீங்களா? சோறு எறங்க மாட்டேங்குது. சின்னப் பிள்ளையில அத்தைதான் அவரை இடுப்புல தூக்கி வளத்தாக. இவுக இப்படியே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தா அந்த மனுசன் உருகியே போயிருவாரு."

"அம்மா பொட்டியைக் காட்டச் சொன்னா?"

"அத்தைக்கு என்ன தெரியும்? பருந்துன்னா பருந்துதான்."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு சின்னப் பொய். ஒரு குடும்பம் ஒன்றாகிவிடும். நானும் அப்படியே செய்துவிடுவது என்றுதான் படுத்தேன்.

கும்பாபிஷேகத்தன்று காலையில் மூடுபனியாக மஞ்சு இறங்கி, தேயிலைச் சரிவு பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. போடியிலிருந்து வந்திருந்த குருக்கள் கலசத்தோடு மூங்கில் சாரத்தில் ஏறிவிட்டார். மாமாவும் கூடவே ஏறிக்கொண்டார், கையில் மைக். மைக்கை அவர் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். "பக்தகோடிகள் எல்லாரும் வானத்தப் பாருங்க, கருடாழ்வார் வரப்போற நேரம்" என்று ஒலிபெருக்கியில் அவர் குரல் எதிர்மலையில் போய் மோதித் திரும்பியது. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்கும் பூமாரிக்கும் மட்டும்தான் புரிந்திருக்கும்.

அம்மா கோயில் எல்லைக்கு வெளியே, மஸ்டர் கொட்டகை ஓரமாக நின்றாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. கருடன் வரக்கூடாது என்று நினைக்கிறவள் பட்டுச்சேலை கட்டுவாளா? நான் அவள் பக்கத்தில் சில்வர் ஓக்கில் சாய்ந்து, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். மஞ்சைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

குருக்கள் கலசத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அவருக்குக் கை வலிப்பது கீழே இருந்தே தெரிந்தது. பெண்கள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று மாறி, சோலைக்காட்டுக்கு மேலே மஞ்சு விலகியது. யாரோ கையை நீட்டினார்கள். மலை முகட்டுக்கு மேலே ஒரு புள்ளி.

"கருடன், கருடன்" என்று கூட்டம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. மாமா மைக்கில், "மாப்ளே, பாருங்க மாப்ளே" என்றார்.

லென்ஸை முழுதாக நீட்டினேன். மஞ்சில் ஃபோகஸ் தடுமாறி முன்னும் பின்னும் ஓடியது. அரைவாசி பின்னால் இழுத்து, புள்ளியை மறுபடி நடுவில் பிடித்து, மூச்சை நிறுத்தினேன். பிடித்துவிட்டேன்.

உடம்பு முழுக்கக் கறுப்பு. இறக்கை நுனியில் விரித்த விரல்கள் போல இறகுகள். அடியில் மஞ்சளாகக் கால். கருங்கழுகு. எங்கள் சோலையில் கூடு கட்டி, எங்கள் தேயிலைக்கு மேலே மெதுவாக மிதக்கிற பறவை. பல மாதம் இதன் பின்னால் அலைந்திருக்கிறேன். இவ்வளவு அருகில் அது எனக்குக் கிடைத்ததே இல்லை. அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது, வெட்கக்கேடு. வரிசையாக அமுக்கித் தள்ளினேன்.

"என்னல?" என்றாள் அம்மா. "கருடனா?"

கூட்டத்தில் பூமாரியின் கண் என்னை எரித்தது. சாரத்தின் மேலே மாமா மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். கருடன் என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் என் கண்ணில் அந்தக் கறுப்புப் பறவை அப்படியே நின்றது. இதைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றின் பெயரைச் சொல்ல எனக்கு வரவில்லை. அம்மா இந்த ஊரில் வேறு யாரையும் கேட்காமல் என்னைக் கேட்டிருக்கிறாள்.

"இல்லம்மா. கருடன் இல்ல. கருங்கழுகு."

சேதி சாரம் வரைக்கும் வாய்வாயாகப் போனது. மாமா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டார். என்ன காரியம் செய்தேன் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது.

"கொண்டா" என்று அம்மா பொட்டியைப் பிடுங்கினாள்.

வார் என் கழுத்தில் இருந்ததால் நானும் கூடவே போனேன். எந்த ஓட்டையில் பார்ப்பது என்று காட்டினேன். முதலில், "ஒண்ணும் தெரியல, கறுப்பா இருக்கு" என்றாள். "கறுப்பா இருக்கிறதுதாம்மா அது" என்றேன். அப்புறம் பொட்டியைக் கண்ணோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பறவை கோயிலை நோக்கிச் சரிந்து வந்தது. அது திரும்பின பக்கமெல்லாம் அம்மா திரும்பினாள், கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி நானும் சுற்றினேன். மாலைபோட்ட கோபுரக் கலசத்துக்கு நேர் மேலே அது இறக்கையை அசைக்காமல் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டமும் போட்டது.

"என்னைப் பாக்குதுல" என்றாள். குரல் மாறியிருந்தது. "கண்ணு தெரியுது."

"ஆமாம்மா."

"இது எங்க இருக்கு?"

"இங்கதான். சோலைக்குள்ள. வருசம் பூரா இங்கதான்."

"அப்ப கருடன்?"

"அது கீழ, கண்மாய்ப் பக்கம். இவ்வளவு மேல வராது."

அம்மா பொட்டியை என் நெஞ்சில் விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயில் எல்லையைத் தாண்டி நேராக உள்ளே நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. சாரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"சாமி, ஊத்துங்க. கீழ கெடக்குறவன் எதுக்கு இங்க வரணும்? நாமெல்லாம் பொழைக்க வந்தவுக. அது இந்த மலையிலயே இருக்குறது. வீட்டுக்காரனே வந்து சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கான், அதுக்கு மேல ஆத்தாளுக்கு என்ன வேணும்?"

குருக்கள் அதற்காகவே காத்திருந்தவர் போலக் கலசத்தைச் சாய்த்தார். தண்ணீர் விழுந்தது. குலவைச் சத்தம் கிளம்பியது. பூமாரி எங்கிருந்தோ வந்து என் கையைக் கிள்ளினாள், வலிக்கும்படியாகத்தான். கழுகு அதற்குள் முகட்டைத் தாண்டிப் போய்விட்டது.

மாமா மட்டும் மேலேயே நின்றார். ஃபீல்டு சூப்பர்வைசர், கமிட்டித் தலைவர், மூங்கிலைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அழணும்னா எறங்கி வந்து அழு" என்றாள் அம்மா. அவரைப் பார்த்தே சொன்னாள். "மூங்கி ஈரமா கெடக்கு. வழுக்கி விழுந்து தொலைக்காத."

மாமாவின் கையில் மைக் அணையாமல் இருந்தது. லயங்கள், தேயிலைச் சரிவு, ஓடைக்கரை, எதிர்மலை எல்லாம் கேட்க, ஒலிபெருக்கியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம் அவர் குரல்.

"சரிக்கா."