மருமகன்களுக்கு ஒரு கோல்

சவரியப்பன் தாத்தாவைப் போல மோசமான ஹாக்கி அம்பயர் இந்த உலகத்தில் இருந்ததில்லை. பேத்தி விவியன் இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவள். அவள் பரீட்சை எழுதித் தேறிய அம்பயர். அவரோ பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் திடலில் ஆடிய தெம்பில் விசிலை எடுத்தவர். வருஷந்தோறும் ஈஸ்டர் மறுநாள் கிள்ளான் திடலில் குடும்ப ஆட்டம். மகன்கள் ஒரு பக்கம், மருமகன்கள் ஒரு பக்கம். யாராவது சிரித்தால்கூடத் தாத்தா ஃபவுல் கொடுப்பார். தோற்கிற பக்கம் கோல் போடும்வரை கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். கேட்டால், "பெத்தவனும் நான்தான், பொண்ணு குடுத்தவனும் நான்தான், எனக்கே ரூல் சொல்றியா?" என்பார். அவள் ஆசையாய் வாங்கிக் கொடுத்த விதிப் புத்தகத்தை வைத்து விசிறிக்கொண்டார், மனிதர். பாவம், கண் மங்கிவிட்டது என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு வந்த முதல் ஈஸ்டரில் விசில் விவியன் கைக்கு வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. தாத்தாவின் அடக்கத்தன்று, நாசி லெமாக் சோற்றுக்குச் சம்பல் போதவில்லை என்று கிரிகரி மாமா ஒரு வார்த்தை விட்டிருந்தார். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்த போஸ்கோ சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். மூத்த மகனான மாமாவும் கடைசி மருமகனான சித்தப்பாவும் அன்றிலிருந்து பேசுவதில்லை. கேவலம், சம்பலுக்காக.

ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு சித்தப்பா வீட்டில். "இன்னிக்கும் சண்ட வந்துச்சுன்னா இதோட சரி. அடுத்த வருஷத்துலேருந்து அவங்கவங்க வீட்டுலயே ஈஸ்டர் வெச்சுக்கலாம்," என்று கேத்தரின் சித்தி காலையிலேயே சொல்லிவிட்டாள். விவியனுக்கு ஒரே கவலை. தாத்தா சேர்த்து வைத்த கூட்டம் தன் விசிலில் கலைந்ததாகப் பேர் வந்துவிடக் கூடாதே.

விதிப்படி ஊதினாள். எள்ளளவும் பிசகவில்லை. பலன், இடைவேளைக்குள் மகன்கள் மூன்று கோல் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் மாமா சித்தப்பா எதிரே போய் இடுப்பை ஆட்டினார். அந்த வயதில், அந்த இடுப்பை. சித்தப்பா ஸ்டிக்கைக் கீழே போட்டார்.

"கேத்தரின், கார் சாவி எங்க?"

விவியன் அவசரமாக விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கினாள். சித்தப்பா வேண்டாவெறுப்பாக ஸ்டிக்கை எடுத்து ஒரு அடி அடித்தார். பந்து கோல் கம்பத்துக்கு வெளியே கைநீளம் தள்ளிப் போய், பக்கத்துச் சாக்கடையில் விழுந்தது.

"கோல்," என்றாள் விவியன்.

மாமா ஓடி வந்தார். "கோலா? பந்து லோங்காங்ல கிடக்குதுலா."

"கோல்னா கோல்தான் மாமா."

சித்தப்பாவுக்கு அது இன்னும் பெரிய அவமானம். "இல்ல விவியன், அது கோல் இல்ல. எனக்குப் பிச்ச போடாத," என்றார்.

அம்பயரிடம் வாதம் செய்ததற்காக அவருக்கு மஞ்சள் அட்டையைக் காட்டினாள். ஐந்து நிமிடம் வெளியே.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "உண்மையச் சொன்னவனுக்கா கார்டு? போஸ்கோ, நீ போகாத. இவ என்ன பண்றான்னு பாப்போம்."

அவருக்கும் ஒன்று காட்டினாள். திடலோரம் இருந்தது ஒரே பெஞ்சு. இருவரும் முணுமுணுத்தபடி அதில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா தன் தண்ணீர் போத்தலை சித்தப்பாவிடம் நீட்டினார். அவரும் வாங்கிக் குடித்தார்.

விவியன் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள். வருஷா வருஷம் முட்டிக்கொண்டால் தாத்தா வெளியே அனுப்பியதும் இதே இருவரைத்தான். ஒன்றாகத்தான். கண்ணாடி போடாமல் கூடத்தின் மறுகோடியிலிருந்து டிவியில் ஆட்டக்காரர் நம்பரைப் படித்தவருக்கா கண் மங்கியிருந்தது? திருட்டுக் கிழவர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாப்பாட்டு மேசையில் அவளைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டுக்கறியைப் பிசைந்தாள். செய்ததைச் சொல்லிச் சிரிக்க ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் இல்லை.

"அடுத்த வருஷம் வேற அம்பயர் வெக்கணும் மாப்பிள்ள," என்றார் மாமா.

"கண்டிப்பா மச்சான்," என்று சித்தப்பா அவர் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தார். "நீங்க முந்தின நாளே வந்து தங்கிருங்க. ரெண்டு பேருமா ஆள் தேடுவோம்."