வினியானாவின் கல்லீரல்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஃபிஜித் தலைநகர் சுவாவில் என் வீட்டு மாடியில் குடியிருந்த உனைசி, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்ல ஆரம்பித்து முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டாள். மீதியை நிரப்பிவிடலாம் என்ற திமிரில்தான் எழுத உட்கார்ந்தேன்.

"மழை பெய்துகொண்டிருந்த சுவாவில் ஒரு மாணவி..." (சுவாவில் எப்போதுதான் பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.)

"கல்லீரல் பொறுமையின் உறுப்பு..." (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

நேராகவே சொல்கிறேன். உனைசி மருத்துவம் இறுதியாண்டு. பொது மருத்துவச் செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றவள். நோயாளியின் வயிற்றைத் தொட்டதும் படித்ததெல்லாம் மறந்து, நேரம் போய்விட்டது. மறுபடியும் தோற்றால் இன்னொரு வருடம் போகும்.

2

உணவகத்தில் அவித்த மரவள்ளியைத் தின்றுகொண்டே வகுப்புத் தோழன் ஷலேந்திரா கேள்வி கேட்பான்.

"ரத்த வாந்தியோட ஒருத்தர் வர்றாரு. முதல்ல என்ன பண்ணுவ?"

"பயப்படுவேன்."

"அதுக்கு மார்க் கிடையாது. அப்புறம்?"

"மூச்சுப் பாதை அடைக்காமப் பாத்துப்பேன். நாடி, ரத்த அழுத்தம். ரெண்டு கையிலயும் பெரிய ஊசி."

"போன வாட்டி இந்த வாய் எங்கடி போச்சு?"

புதன்கிழமை உனைசி நோயாளிகளைத் தொட்டுப் பழக வார்டுக்குப் போனாள். நௌசோரி சந்தையில் ஆற்றுச் சிப்பி விற்கும் வினியானா படுத்திருந்தாள். அந்த வாரம் ஐந்து மாணவர்கள் ஏற்கெனவே அவள் வயிற்றை அமுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

(வினியானாவைச் சிரிப்புப் பாத்திரமாக்கப் பார்த்தேன். அவள் சம்மதிக்கவில்லை.)

"கையத் தேச்சு சூடாக்கிட்டுத் தொடு பொண்ணே. காலையில வந்தவன் கை ஐஸ்கட்டி."

விலாவுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தது கல்லீரல். கெட்டியாக, மேடும் பள்ளமுமாக. பக்கம் பக்கமாய்ப் படித்தது விரலடியில் இருந்தது. புற்றுநோய்.

"இங்க தொட்டதும் எல்லாருக்கும் மொகம் மாறுது. எனக்கு என்னடி?"

"டாக்டர் சொல்லலையா அத்தை?"

"ஸ்கேன் வரட்டும்னாங்க. அது வந்து மூணு நாளாச்சு."

"மாணவி நான் சொல்லக் கூடாது. சொல்ற ஆளைக் கூட்டிட்டு வரேன்."

போய்க் கேட்டாள். "திங்கட்கிழமை பெரிய டாக்டர் பேசுவாரு" என்றார் வார்டு மருத்துவர். தேர்வோ வெள்ளிக்கிழமை.

3

வெள்ளிக்கிழமை தேர்வில் மூன்றாவது நோயாளியின் திரையை விலக்கினாள். படுக்கையில் வினியானா.

"இவங்களை நான் ஏற்கெனவே பரிசோதிச்சிருக்கேன்" என்று தேர்வாளரிடம் உடனே சொன்னாள்.

"பரவாயில்லை, தொடங்கு."

இந்த முறை எதுவும் மறக்கவில்லை. நகம், உள்ளங்கை, கண், வயிறு. இரண்டு நிமிடம் மிச்சம்.

"உன் முடிவு?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் வினியானா கப்பல் பயணிகளிடம் ஆங்கிலத்திலேயே பேரம் பேசுபவள்.

"வெளியில வந்து சொல்லலாமா சார்?"

"இங்கேயே சொல்லு. நேரம் ஓடுது."

(இதற்கொரு தந்திரம் உண்டு: நோயாளிக்குப் புரியாத சொல்லாகப் பார்த்துப் போடுவது. உனைசிக்கும் தெரியும். ஆனால் முந்தாநாள் 'எனக்கு என்னடி' என்று கேட்டவளுக்கு முன்னால் அதைப் போட அவளுக்கு வாய் வரவில்லை.)

படுக்கையோரம் குந்தினாள். ஃபிஜி மொழியில் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, இது நல்ல சேதி இல்ல. இங்க, இவங்க முன்னால, என் வாயால கேக்கணுமா? வேணாம்னா சொல்லுங்க, வாயத் தொறக்க மாட்டேன்."

வினியானா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

4

உனைசி நிறுத்தியது அங்கேதான். "அவங்க சொன்னது அவங்களோடது" என்றாள்.

"'சொல்லு' என்று வினியானா கண்ணை மூடிக்கொண்டு..."

"'திங்கட்கிழமை வரைக்கும் என்னை விட்டு வை' என்று..."

நான் எழுதிப் பார்த்த இரண்டு பதிலுமே நன்றாகத்தான் வந்தன. அதுவே உறுத்தியது. அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. தேர்வாளரிடம் உனைசி எதுவும் சொல்லவில்லை, மணி அடித்தது, தோற்றாள். அடுத்த வருடம் தேறினாள். அதற்குள் வினியானா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படுக்கையில் இப்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள். உனைசியின் மணிக்கட்டு உங்கள் பிடியில். கேள்வி கேட்டாயிற்று.