மூலை மனை

தங்கை மனை வாங்கிவிட்டாள் என்று கேட்டதும் பெரியவளுக்கு முதலில் வந்தது இருமல். கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் புது ஃபிரேமை மாட்டிவிட்டு, காதுப் பக்கம் வளைவு சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே சிக்கியிருந்தது.

"அக்கா, அந்த மூலை மனை முடிஞ்சுடுச்சு!" என்று சின்னவள் கத்தினாள்.

"ரொம்ப சந்தோ..." என்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் இருமிய இருமலில் வாடிக்கையாளர் மிரண்டுபோய் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்த மனையை முதலில் பார்த்தது பெரியவள்தான். குடியிருப்புத் தெரு பெரிய சாலையோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் வெளிச்சமாக, சும்மா கிடந்தது. சாயங்காலம் நடக்கப் போகும்போதெல்லாம் வேலியோரம் நின்று, அடுக்களை எங்கே வரும், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று கணவனிடம் கை காட்டிச் சொல்வாள். அந்த ஆசையை வாய் தவறித் தங்கையிடமும் சொல்லியிருந்தாள். அவள் சொல்லித்தான் சின்னவளுக்கு அப்படி ஒரு மனை இருப்பதே தெரியும். பெரியவளுக்கு இன்னும் வாடகை வீடுதான். குளியலறைச் சுவரில் ஈரம் ஊறி, சுண்ணாம்பு வருஷா வருஷம் அப்பளம் மாதிரி பெயர்ந்து விழும்.

அவள் கணவன் நகராட்சியில் கட்டட ஆய்வாளர். சட்டைப் பையில் எந்நேரமும் அளவு நாடாவோடு திரிவதால் அலுவலகத்தில் அவருக்கு 'டேப்' என்று பெயர். லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனிதர். சின்னவளின் கணவன் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். எந்தக் கதவையும் தட்டத் தயங்காதவர்.

ஒருநாள் சின்னவள் வீட்டு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கீழே தனக்கு ஒரு பியூட்டி பார்லர், அதற்கு மேலே மூன்று தளம். அந்தத் தெருவில் கடை கூடாது, கீழ்த்தளத்துக்கு மேலே இரண்டு தளம்தான் கட்டலாம் என்பது நகராட்சி விதி. விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டிருந்தாள். மனு அக்காவின் கணவர் மேஜைக்குத்தான் வரும்.

"நீ ஒரு வார்த்தை சொல்லேன்க்கா. மாமாகிட்ட நேரா கேக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"இதுக்குப் போய் தயங்குவாங்களாடி? நான் சொல்லி அவர் கேக்காம இருப்பாரா?" என்றாள் பெரியவள். கண் மட்டும் வரைபடத்திலேயே இருந்தது. அடுக்களைக்கு மட்டும் மூன்று ஜன்னல் போட்டிருந்தார்கள்.

அவள் வாயைத் திறக்கும் முன், சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"உன் தங்கச்சி மனு வந்திருக்கு. பெரிய ரோட்டைத் தொட்டு நிக்கிற மூலை மனைக்கு மட்டும் கடையும் அதிகப்படி மாடியும் அனுமதிக்கலாம்னு விதியிலேயே இருக்கு. தெருவுல யாரும் ஆட்சேபிக்கலை. கொடுக்கலாம்னு எழுதிடப் போறேன்."

பெரியவளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. இவ்வளவு சுலபமாகவா? பிறந்த நாளிலிருந்து சின்னவளுக்கு எல்லாமே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பெரியவள் ராப்பகலாகப் படித்து வாங்கிய மதிப்பெண்ணைச் சின்னவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வாங்குவாள். இப்போது அந்த மூன்று ஜன்னலும் ஒரு கையெழுத்தில் அவளுக்குப் போகப்போகிறது. அதுவும் தன் புருஷன் கையெழுத்தில்.

"எழுதுங்க" என்றாள். "ஆனா நாளைக்கு ஆபீஸ்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா? ஊருக்கெல்லாம் நாடாவைப் பிடிச்சு அளந்த மனுஷன், மச்சினிக்கு மட்டும் நாடாவைச் சுருட்டி வச்சுட்டார்னு சிரிக்க மாட்டாங்க? இத்தனை வருஷமா நீங்க காப்பாத்தின பேரு உங்களோடது. எனக்கென்ன, அவ என் கூடப் பிறந்தவ. எனக்கு சந்தோஷம்தான்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தார். "தெரு குறுகல், வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு எழுதி மறுத்துட்டேன். நீ சொன்னது சரி. வேண்டியவங்களுக்கு ஒரு நியாயம், வேண்டாதவங்களுக்கு ஒரு நியாயம்னு இருக்கக் கூடாது."

அன்று பெரியவள் நிம்மதியாகத் தூங்கினாள். தங்கையிடம், "எவ்வளவோ கெஞ்சினேன்டி. மனுஷன் மசியவே இல்லை" என்றாள். சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு, "எனக்காக நீ ஏன்க்கா அவர்கிட்டப் போய் கெஞ்சினே?" என்று அழுதாள். அந்த அழுகையும் பெரியவளுக்குக் கொஞ்சம் ருசியாகத்தான் இருந்தது.

ஆனால் கான்ட்ராக்டர் அழுகிற ஆள் இல்லை. நேராக நகராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நாளில் தலைவர் வீட்டு மாடிப்படி முழுக்கப் பளபளவென்று கருங்கல் பலகை ஏறியது. அது ஏறி முடிந்த கையோடு, டேப் எழுதிய மறுப்பைத் தள்ளிவிட்டு, விதிவிலக்கு மேலிடத்திலிருந்தே வந்துவிட்டது.

பெரியவள் வேலைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். முதல் தளம் எழும்பியபோது தலையைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் தளத்துக்குக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் தளத்தில் அடுக்களை ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டியபோது அதற்கு மேல் முடியவில்லை. பஸ்ஸின் இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தலைவருக்கும் கை ருசி கண்டுவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் விதிவிலக்கு கிடைக்க ஆரம்பித்தது. வீடுகளுக்கு நடுவில் ஒருவன் இரும்புக் கிடங்கு திறந்தான். லாரி திரும்ப இடமில்லாமல் பக்கத்துப் பல் டாக்டரின் மதில் இடிந்தது. டாக்டர் சும்மா விடவில்லை. தலைநகரம் வரை புகார் போய், விசாரணை அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். தலைவர் கொடுத்த விதிவிலக்கு அத்தனையையும் நிறுத்திவைத்து, அந்தக் கட்டடங்களுக்கெல்லாம் சீல் வைக்கச் சொன்னார். சின்னவளின் பார்லர் வாசலிலும் தாள் ஒட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

செய்தி கேட்ட அன்று பெரியவளுக்குக் கடையில் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து மயங்கி இரண்டு பேர் தேவைக்கு மேலேயே விலை உயர்ந்த ஃபிரேம் வாங்கிப் போனார்கள்.

வீட்டில் இன்னொரு நல்ல சேதி காத்திருந்தது. தலைவர் கொடுத்த விதிவிலக்குகளுக்கு எதிராக இருந்த ஒரே குறிப்பு டேப்புடையதுதானாம். சொந்த மச்சினிக்கே மறுத்த நேர்மையான அதிகாரி என்று விசாரணை அதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினாராம். தலைமை ஆய்வாளர் பதவி கிட்டத்தட்ட உறுதி.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் சின்னவள் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வக்கீல் சொல்றார், எங்க மனைக்கு விதிப்படியே கிடைச்சிருக்குமாம். யாருக்கும் எதுவும் கொடுத்திருக்கவே வேண்டாமாம். அக்கா உங்ககிட்ட அவ்வளவு கெஞ்சினாளாமே. அப்படியும் ஏன் மாமா மறுத்தீங்க?"

பெரியவள் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். மச்சினியின் கேள்வி அவருக்குள் எங்கே போய் விழுந்தது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"ஆமாம்மா, கெஞ்சினா" என்றார். "நான்தான் கேக்கலை."

சின்னவள் போன பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ஏங்க..."

"என் சர்வீஸ்ல நான் நெஞ்சை நிமிர்த்தி எழுதின ஒரே குறிப்பு அது" என்றார். "அதுவும் என்னோடது இல்லை."

அடுத்த வாரம் விசாரணையில் அவரே எழுந்து நின்று சொன்னார்: தலைவர் லஞ்சம் வாங்கியது உண்மை. ஆனால் அந்த மூலை மனைக்கு நான் மறுத்ததும் தவறு. தெரு குறுகல் என்று எழுதினேனே தவிர, அன்று அதை அளந்துகூடப் பார்க்கவில்லை. உறவுக்காரி என்று பேசுவார்கள் என்ற பயத்தில், விதிப்படி கிடைக்க வேண்டியதைத் தடுத்துவிட்டேன்.

விசாரணை அதிகாரிக்கு முகம் சுருங்கிப்போனது. தலைமை ஆய்வாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. தலைவர் பதவி இழந்து வீட்டுக்குப் போனார். கான்ட்ராக்டர் மீது வழக்கு பாய்ந்து, அவருடைய உரிமத்தையும் நிறுத்திவைத்தார்கள். மூலை மனை மனுவை மட்டும் புதிதாக எடுத்து, நேர் வழியில் விசாரித்தார்கள். கீழே கடைக்கும் மேலே ஒரே ஒரு அதிகப்படி தளத்துக்கும் அனுமதி வந்தது. அது அவர்கள் கட்டி வைத்திருந்ததற்குச் சரியாக இருந்தது. அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்தார்கள்.

புருஷனுக்கு வேலை இல்லாததால் சின்னவள் ஆள் வைக்காமல் தானே பார்லரை நடத்த ஆரம்பித்தாள். முதல் ஆளாக அக்காதான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சுவரெல்லாம் கண்ணாடி, அதைச் சுற்றி வரிசையாக விளக்கு. பெரியவள் நாற்காலியில் சாய்ந்ததும் சின்னவள் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, தலையை இதமாகப் பிடித்துவிட்டாள். அக்காவுக்குக் கண் சொக்கியது.

"ஒண்ணு சொல்லட்டாக்கா? எனக்கு உன் மேல பொறாமைதான்" என்றாள் சின்னவள். "பதவியே போனாலும் பரவாயில்லைன்னு எழுந்து நின்னு சொன்னாரே, அப்படி ஒருத்தர் எனக்கு வாய்க்கலை. எங்க ஆளு இன்னும் தலைவரைத்தான் திட்டிட்டு இருக்கார்."

பெரியவளுக்குக் கண் திறந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் தங்கை வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவது இதுதான் முதல் தடவை. மனசு குளிரத்தான் செய்தது. அந்த மனிதர் இப்போதெல்லாம் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் தன்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

"ஆமாடி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் அவரிடம் சொன்னாள். "சின்னவ சொல்றா, உங்களை மாதிரி ஒருத்தர் அவளுக்கு வாய்க்கலையாம்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

அவர் எழுந்து தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். "அன்னிக்கு நடந்ததை நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். "நீ சொல்லு. எப்ப முடியுதோ அப்ப சொல்லு. அதுக்கப்புறம் நாம பேசலாம்."

உள்ளே போய் விளக்கைப் போட்டுக்கொண்டார். பெரியவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தலைமுடி இன்னும் முழுதாகக் காயவில்லை. அசையும்போதெல்லாம் பார்லரின் வாசனை வந்தது. தான் இதுவரை வாங்கிய எந்த எண்ணெயிலும் சோப்பிலும் இல்லாத நல்ல வாசனை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.