இரண்டு நிமிடம் பிந்திய நண்பகல்

ஒன்பது நாள் ஊரடங்கு தளர்ந்த காலையில், உரும்பிராயிலிருந்து சைக்கிள் மிதித்துக் கடற்கரைப் பனிக்கட்டி ஆலைக்கு வந்த தில்லைநாதன், அது நின்றுபோயிருக்கும் என்றே எண்ணி உள்ளே நுழைந்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. ஆலையின் மூன்று அறைகளிலும் ஒவ்வொரு சிறு கணினி. மூன்றுக்கும் நிரல் எழுதியவன் அவனே. ஒவ்வொன்றும் மற்ற இரண்டின் விவரங்களையும் தன்னிடம் வைத்திருக்கும். ஒன்று பேச்சற்றுப்போனால் மற்றவை அதன் வேலையை ஏற்கும். ஒரேயொரு குறை. ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளில் எது பிந்தியது என்று அறிய மூன்றின் கடிகாரங்களும் ஒத்திருக்கவேண்டும். அவையோ நாள்தோறும் விலகும். தினமும் நண்பகலில் வானொலியின் நேரக்குறியைக் கேட்டு அவன்தான் திருத்துவான். அந்தக் குறையை நீக்க அவன் முயலவேயில்லை. ரொறன்ரோவுக்கு வரச்சொல்லி அக்கா மகாதேவி எழுதும்போதெல்லாம், ‘நானில்லாமல் ஆலை ஒரு கிழமையும் ஓடாது’ என்று பதில் எழுத அவனுக்கிருந்த நியாயம் அது ஒன்றே. அவனுக்காகக் காத்திருக்க வீட்டிலும் எவருமில்லை.

ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்கோ இஞ்சினியர் தம்பி! மெலிஞ்சுபோனியள்,” என்றார் ஆலையிலேயே தங்கி இயந்திரம் பார்க்கும் சிமியோன்.

“மணிக்கூடுகளை ஆர் அண்ணை திருத்தினது?”

“நான்தான். இரண்டு வருசமா நீங்கள் தட்டுறதைப் பாக்கிறன். நாலு இலக்கம் தட்ட எனக்கென்ன சோதினை பாஸ்பண்ண வேணுமோ?”

“றேடியோ கேட்டோ?”

“உங்கடை றேடியோவுக்குப் பற்றரி முடிஞ்சுபோச்சு. மாதா கோயில் மத்தியான மணிக்குப் பற்றரி தேவையில்லையே. ஆனா உவன் மணியடிக்கிற சூசைதாசன் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுத்தான் கயிறைப் பிடிப்பான்.”

தில்லைநாதன் சிரிக்க முயன்றான். “என்னை ஒருத்தரும் தேடேல்லையோ?”

“ஏன் தேடவேணும் தம்பி? ஒண்டும் நிக்கேல்லையே.” அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

கொண்டுவந்த புதிய பற்றரிகளை அவன் வானொலியில் இட்டான். நண்பகலில் நேரக்குறி ஒலித்தது: பன்னிரண்டு. கணினித் திரையில் பதினொன்று ஐம்பத்தெட்டு. அடுத்த அறையிலும் அதுவே, மூன்றாவதிலும் அதுவே. மூன்றும் ஒருமித்துத் தவறாயிருந்தன. ஒருமிப்பு அவற்றுக்குப் போதும். விசைப்பலகை வரை சென்ற விரலை மடக்கிக்கொண்டான்.

சட்டைப்பையில் அக்காவுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் இருந்தது. ‘நானில்லாமல் ஆலை ஓடாது’ என்ற வரியை வெட்டினான். அவ்விடத்தில் எழுத வேறு வரி அகப்படவில்லை.

கோயில் மணி கேட்டது. சிமியோன் கைகளைத் துடைத்தபடி முதல் அறைக்குள் போனார். தில்லைநாதன் வழிவிட்டு ஒதுங்கி நின்று, தன் கைக்கடிகாரத்தை இரண்டு நிமிடம் பின்னுக்குத் திருப்பினான்.