சலூன் வாசலிலிருந்து நாற்பது காலடி

என் கொழுந்தியாளுக்குத் தையல்கடைதான் உயிர். ரோட்டை அகலப்படுத்த அடுத்த வாரம் அதை இடிக்கப் போகிறார்கள். பின்சுவர் பழைய கோட்டையின் மிச்சம் என்று காட்டினால் கடை தப்பிக்கும். அதற்காகத்தான் நாங்கள் இருவரும் தொல்லியல் அலுவலகப் பதிவறையில் காலையிலிருந்து தூசி தின்றுகொண்டிருந்தோம்.

மத்தியானம் அந்த அட்டை கிடைத்தது. அறுபது வருஷப் பழசு. 'கோட்டைச் சுவரின் எஞ்சிய பகுதி. சலூன் வாசலிலிருந்து சந்து வழியே கிழக்கே நாற்பது காலடி. அடிக்கல்லில் ஒரு வட்டம், மூன்று கோடுகள்.' கீழே கல்லின் படமும் இருந்தது. அடப்பாவி, அடையாளம் சொல்ல உனக்குச் சலூன்தானா கிடைத்தது? அது மூன்று தடவை இடம் மாறிவிட்டது. எனக்குத் தெரியாதா? அது எங்கள் அப்பா கடை, இப்போது நான்தான் அங்கே கத்தரி பிடிக்கிறேன்.

"அப்போ கடை தபாலாபீஸ் முக்குல இருந்துச்சு," என்றேன். பதிவறை அதிகாரி அட்டையோடு கூடவே வந்தார்.

முக்கிலிருந்து நான் எண்ணி நடந்தேன். நாற்பதாவது காலடி தையல்கடையைத் தாண்டி, கறிக்கடைப் பின்வாசலில் போய் நின்றது.

"எவ்வளவு வேணும்?" என்றார் கறிக்கடைக்காரர்.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். கொழுந்தியாள் முகம் செத்துப்போனது. எனக்கு என் கால்கள் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் அட்டையைப் பிடுங்கித் திருப்பினாள். பின்னால் 'அளந்தவர்' என்று எழுதி ஒரு போட்டோ. அளந்த மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், குடையின் கைப்பிடி அவர் நெஞ்சைத் தொடுகிறது.

"மாமா! இவரு என்னை மாதிரியே குட்டை! உங்க காலுக்கும் இவரு காலுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. தள்ளுங்க, நான் நடக்கறேன்."

இத்தனை வருஷமாக 'அரைப்படி' என்று அவளைக் கேலி செய்த வாய் இது. அதே வாயால் அவள் காலடிகளை எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அவள் கடைப் பின்சுவர்!

அதிகாரி அசரவில்லை. "உங்க கடைக்குத் தோதா நடந்திருப்பீங்க. கல்லைக் காட்டுங்கம்மா."

சுவரடியில் வெட்டுத்துணி மூட்டைகள் மலையாகக் கிடந்தன. நான் இழுத்துப் போட்டேன், அவள் தேய்த்துக் கழுவினாள். ஒரு வட்டம். மூன்று கோடுகள்.

அதிகாரி படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதேதான். இடிக்கக் கூடாதுன்னு இன்னைக்கே எழுதி அனுப்பறேன்." பேனாவை எடுத்தார். "அட்டையையும் திருத்திடலாம். அடையாளத்துக்கு எந்தக் கடையைப் போடறது?"

மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தவள் சட்டென்று எழுந்தாள்.

"தையல்கடைன்னு எழுதுங்க சார். சலூன் ஊரைச் சுத்தும். நான் இங்கேயேதான் இருப்பேன்."