ரன்வெய்க்கின் இடுப்பும் மலைராஜா பதவியும்

எங்கள் ஊரில் சேதி பிறக்கிற இடம் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டி. கழுத்துவரை மூழ்கிக்கொண்டு யாரைப் பற்றியும் பேசலாம், அவரும் அதே தொட்டியில் மூழ்கியிருந்தாலொழிய. அன்று ரன்வெய்க் மூழ்கியிருந்தாள். ஆவி மறைத்ததில் தோர்கில்ஸ் கவனிக்கவில்லை.

"இடுப்பு மூட்டுல இரும்பு வச்சவளுக்கு மலைராஜா பதவியா? குதிரை மேல ஏத்திவிடவே ரெண்டு ஆள் வேணும்!"

மலைமேல் மேயும் செம்மறிகளை இலையுதிர் காலத்தில் இறக்கிவரும் கூட்டத்தின் தலைவரைத்தான் மலைராஜா என்போம். பல வருஷமாகத் தோர்கில்ஸ். இம்முறை ரன்வெய்க் போட்டி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு.

"லாண்ட்மன்னலாகர்லேருந்து தோர்ஸ்மோர்க் வரைக்கும், நாலு நாள் மலைப்பாதை முழுக்க நடந்து காட்டறேன்" என்று ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூட்டையும் என் முதுகுலதான்."

தோர்கில்ஸ் அசடு வழிந்தாலும் விடவில்லை. "வழியில ஜீப்ல ஏறமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"இவ கூட வரட்டும். இவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

இவள் என்றது என்னை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மஞ்சளும் சிவப்புமான சரிவுகள், கந்தகப் புகை, கோடையிலும் கரையாத பனி. எல்லாவற்றையும் அவள் பல்லைக் கடித்தபடி ஏறினாள். வம்பு பேச வாயே திறக்காதவளோடு நடப்பது எனக்குத்தான் தண்டனை.

பிறகு ஆறு வந்தது. "சின்ன வயசுலேருந்து தாண்டற ஆறுடீ இது" என்று பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி, ரப்பர் செருப்போடு, குதிரைக் குளம்படி பதிந்த இடத்திலேயே இறங்கினாள். எங்கள் ஊரில் குதிரை ஏறுகிறவர் எல்லாருக்கும் இந்தக் கோளாறு உண்டு. மலை முழுக்கத் தெரியும், சேணத்தின் மேலிருந்து. குதிரையின் வயிறு நனையாத தண்ணீர் நம் தொடைக்கு மேல் வரும். நடு ஆற்றில் விழுந்தாள். பூட்ஸை வெள்ளம் கொண்டுபோனது. தவழ்ந்தே கரையேறினாள். ஆறு அகன்று கிடந்த இடத்தில் நான் முழங்கால் நனையக் கடந்தேன்.

அக்கரையில் தோர்கில்ஸின் ஜீப், தற்செயலாகவாம்.

"ஆட்டைப் பார்க்க வந்தேன்" என்றான். ஒரு புல்கூட இல்லாத கருமணலில்! "ஏறு ரன்வெய்க். காலில வெறும் ரப்பர் செருப்பு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் மூட்டையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்தாள். சட்டைக் கைகள் இரண்டையும் கத்தியால் அறுத்துக் காலில் மாட்டி, மேலே செருப்பை இறுக்கினாள்.

"கை விறைச்சுப்போகுமே!" என்றான்.

"கையாலயா நடக்கப்போறேன்?"

ஜீப்புக்குள் கதகதப்பு. என் குதிகாலில் கொப்புளம். சாட்சி ஏறினால் சாட்சியம் போச்சே என்று நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். தோர்ஸ்மோர்க்கின் பிர்ச் மரங்கள் தெரிந்தபோது கம்பளி கிழிந்து அவள் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்புக் கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். விழுந்தது உட்பட எல்லாம் சொன்னேன். பாதியை மறைக்க எனக்கு வராது.

"ஆத்துல விழுந்தவளா ராஜா?" என்று தோர்கில்ஸ் சிரித்தான்.

"விழுந்தேன்" என்றாள் ரன்வெய்க். "ஆடு ஓட்டறப்ப பாதிப் பேர் நடந்துதான் வர்றாங்க. அவங்க எங்க இறங்கக்கூடாதுன்னு குதிரை மேல போறவங்கள்ல வேற யாருக்குத் தெரியும்?"

நடந்து வருகிறவர்கள் முதலில் கை தூக்கினார்கள். பிறகு மற்றவர்களும்.

புது மலைராஜாவின் முதல் உத்தரவு: "தோர்கில்ஸ், இந்த வருஷம் நீ நடை."